மாடியறைக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்ட்

கலைவாணி அடித்த பாஸ்வேர்டை மாடியறைக் கம்ப்யூட்டர் மூன்றாம் முறையும் ஏற்கவில்லை.

அதன் மானிட்டர் போய் ஒரு வாரமாகிறது. கல்யாண போட்டோவெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. நாளைக்குக் கல்யாண நாள். வைஃபை வழியாக லேப்டாப்பில் இழுத்துவிடலாம் என்று உட்கார்ந்தவளுக்கு இப்படி ஒரு சோதனை.

பாஸ்வேர்ட் அவள் பெயர்தான். கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே அவள் கணவன் ஜில்பேர் அதை வைத்துவிட்டு, ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டான்.

அப்படியானால் மாற்றியிருக்கிறான். யாருக்காக?

தெரியாதாக்கும்! இன்று முதல்முறையாக எடுத்து மடியில் வைத்திருக்கும் இந்த லேப்டாப்பே அந்த லேயா கொடுத்ததுதானே. ஜில்பேரோடு பள்ளியில் படித்தவள். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்து, பழசுதான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இவனுக்குப் போன் வந்தால் பால்கனியில்தான் பேச்சு. அதுவும் பிரெஞ்சில். பெண்டாட்டிக்குப் புரியாது என்ற தைரியம்.

லேயா என்று ஆங்கிலத்தில் அடித்தாள். மூன்றே எழுத்து.

தவறு என்றது திரை.

அப்பாடா! கண்ணில் நீரே வந்துவிட்டது. சீ, என்ன கேவலமான புத்தி எனக்கு என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

மீன் வாங்கிக்கொண்டு வந்த ஜில்பேரிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"கீயப் பாக்காம அடிச்சியா? இது பிரான்ஸ் கீபோர்டு, வாணி. நீ ஏ அடிக்கிற எடத்துல க்யூ இருக்கு. ஏ வர்ற எந்தப் பேர அடிச்சாலும் தப்பாத்தான் விழும்."

குனிந்து பார்த்தாள். உண்மைதான். முதலியார்பேட்டையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் அவள். கீயைப் பார்த்து அடித்தால் மானமே போய்விடும். அந்தத் திமிருக்கு இது வேண்டியதுதான்.

"பாஸ்வேர்ட் உன் பேருதான், வேற எது? கொஞ்சம் நகரு."

அவன் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தான். திறந்துகொண்டது. முதல் படத்திலேயே இருவரும் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா?" என்றான்.

பார்த்துவிட்டாள். ஆங்கிலத்தில் அவள் பெயருக்கு ஒன்பது எழுத்து.

என்டரைத் தட்டுவதற்கு முன்னால் அவன் விரல் மூன்று முறைதான் இறங்கியது.