ஒச்சாயியின் கருந்தேள்

மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தின் ஓரத்தில், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கருந்தேள் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தது.

முதலில் பார்த்தது கல்யாணப் பெண் ஒச்சாயிதான். கருப்பட்டிக் காப்பித் தட்டோடு வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

கேட்கிறவர்கள் பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் யாரையும் எதுவும் கொட்டாது.

ஒச்சாயிக்கும் அந்தப் பயம் கிடையாது. மாட்டுக்கொட்டத்தில் ஆறு மண்சட்டியில் ஆறு தேள் வளர்க்கிறவளுக்கு அதெல்லாம் எங்கிருந்து வரும்? உசிலம்பட்டிச் சந்தைக்குப் போகும் வழியில் மற்றப் பெண்கள் கதை பேசிக்கொண்டு நடப்பார்கள். இவள் கல்லைப் புரட்டிக்கொண்டே போவாள். கை தடித்து வால் மெலிந்திருந்தால் கருந்தேள். கொட்டினாலும் குளவி கொட்டிய மாதிரிதான். கை மெலிந்து வால் தடித்திருந்தால் செந்தேள். கும்பிடு போட்டு விலகிவிட வேண்டும். ஊரில் யார் வீட்டில் தேள் வந்தாலும் செருப்பை எடுக்கும் முன் ஒச்சாயிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.

அந்தப் பெருமையிலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. "தேள்காரி வீடா?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இது மூன்றாவது. கப்பலூர்ப் பக்கம், தூரத்து ஊர். பேச்சு அங்கே எட்டியிருக்கவில்லை.

காலையிலேயே ஆத்தா சின்னத்தாய் அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட்டாள்.

"இந்தச் சம்பந்தமும் உன் பூச்சியால போச்சுன்னு வையி, அம்புட்டுச் சட்டியிலயும் வென்னீர ஊத்திருவேன், பாத்துக்க."

தண்ணீர் கொதிக்கிற சத்தம் இப்போது ஒச்சாயியின் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

தேளின் முதுகைக் கூர்ந்து பார்த்தாள். தப்பி ஓடினால் அடையாளம் தெரியட்டுமென்று தன் தேள்களுக்கெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு வைத்திருந்தாள். இதற்குப் பொட்டைக் காணோம். தேள் வளர்க்கிறவர்கள் அதை நம்பிவிட மாட்டார்கள். சட்டை உரித்தால் பொட்டும் சட்டையோடு போய்விடுமே! நல்ல நாள் பார்த்து உரித்தாயே சனியனே, என்று பல்லைக் கடித்தாள்.

தேள் ஜமுக்காளத்தைக் கடந்து மாப்பிள்ளை நல்லகாமனின் வேட்டியில் ஏறியது.

அப்போதுதான் அவன் தாயார் மலையம்மாள் அதைப் பார்த்தாள். வீடே கிடுகிடுக்க ஒரு சத்தம் போட்டாள். அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நெல் மூட்டைமேல் ஏறி நின்றார். ஒச்சாயியின் அப்பா விருமாண்டி உலக்கையைத் தூக்கினார். மாப்பிள்ளையின் தொடைமேல் போட முடியாதே என்று பக்கத்திலிருந்த தூணில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

நல்லகாமன் மட்டும் அசையவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. இரண்டு விரலால் தேளின் வாலைப் பிடித்துத் தூக்கினான். கொடுக்கை ஒட்டி, அந்தக் கடைசிக் கணுவில்.

அந்த இடம் பிடிபட ஒச்சாயிக்கு எத்தனையோ கொட்டு வாங்க வேண்டியிருந்தது.

"வெளிய விட்டுட்டு வாரேன்" என்று அவன் கொல்லைப் பக்கம் போனான்.

மலையம்மாள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வண்டியப் பூட்டுங்கப்பா! பட்டப்பகல்ல தேளு ஊருற வீட்டுல என்னத்தப் பொண்ணெடுக்க?"

சின்னத்தாயின் கண் அண்டாப் பக்கம் போனது. ஒச்சாயி தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

மாட்டுக்கொட்டத்துக்குள் நல்லகாமன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"கொன்னுறாதீக! அது என்னோடது. குடுத்துருங்க!"

அவன் திடுக்கிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "உன்னோடதா?"

நம்ப வைக்க வேண்டுமே. மூலையில் கிடந்த சாக்கை இழுத்துப்போட்டு, சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள்.

ஆறாவது சட்டியைத் திறந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

அதிலும் ஒரு தேள் இருந்தது. பொட்டோடு.

மெதுவாகத் திரும்பினாள். அவன் காது சிவந்திருந்தது. முன்னால் நீட்டிய கையில் ஒரு மூங்கில் குழாய். தொழுவத்துக்குத் திரும்பும் பசுவைப் போல அந்தக் கருந்தேள் அதற்குள்ளே போய்க்கொண்டிருந்தது.

"வண்டி குலுங்குனதுல மூடி கழண்டுருச்சு. மடியில கட்டித்தான் வச்சிருந்தேன்" என்றான். "ஆத்தாளுக்குத் தெரியாது புள்ள. சொல்லிறாத."

ஒச்சாயி குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆணா, பொட்டையா?"

"பொட்டை. வயித்துக்கடியில சீப்பாட்டம் இருக்குல்ல, அது சின்னதா இருக்கு பாரு."

பார்த்தார்கள். இரண்டு தலையும் லேசாக முட்டிக்கொண்டன.

முன்வாசலில் மாட்டை நுகத்தில் பூட்டும் மணிச்சத்தம் கேட்டது. நல்லகாமன் மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் வண்டியை மறித்தான்.

"ஆத்தா, எல்லாரும் அந்த ஓட்டம் ஓடுனீகளே, காப்பி சிந்தாம நின்னது இந்தப் புள்ள ஒருத்திதான். இப்படி ஒரு ஆள்தானே நம்ம வீட்டுக்கு வேணும்?"

மலையம்மாள் வண்டியை விட்டு இறங்கிவந்து, சின்னத்தாயின் காதோரம் குனிந்தாள்.

"அதுவுஞ் சரிதான் மதினி. வெளிய சொல்லிறாதீக. எங்க வீட்டுலயும் ரெண்டு மூணு வருசமா ஓயாம தேளு வருது. எந்தப் பொந்துலருந்து வருதுன்னே தெரியல."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒச்சாயி சிரித்த சிரிப்பைக் கேட்டு, பெண்ணுக்குச் சம்மதம்தான் என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.