இரண்டு தோளும் ஒரே நீலம்

“இன்னாடா இது, ரவிக்கையா, தலகாணி உறையா?”

சிங்காரவேலு அந்த நீல ரவிக்கையை இரண்டு விரலால் தூக்கி, செஞ்சிக் கடைத்தெருவுக்கே காட்டுவது போலப் பிடித்தார்.

எதிரே ஆதிமூலம் நின்றான். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். பெண்டாட்டிக்குப் புது ரவிக்கை தைக்க வேண்டும் என்று துணியும், அளவுக்கு இந்தப் பழைய ரவிக்கையும் கொண்டுவந்திருந்தான்.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் எந்தப் பெண்ணும் தையல் கடைக்கு வந்து நின்று அளவு கொடுப்பதில்லை. அவளுடைய பழைய ரவிக்கைதான் வரும். புருஷனோ தம்பியோ காகிதத்தில் சுற்றி எடுத்து வருவான்.

சிங்காரவேலுவுக்கு அது போதும். மேசையில் விரித்தால் ஆளே வந்து உட்கார்ந்த மாதிரி. இடுப்பில் குடம் வைக்கிறவளா என்பதை இடப்பக்கத் தையல் சொல்லும். கைப்பிள்ளைக்காரியா என்பதைக் கொக்கிகள் சொல்லும். இருபத்தெட்டு வருஷத்தில் ஊர்ப் பெண்கள் பாதிப் பேரை முகம் பார்க்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

“எவன்டா தைச்சது? சாக்கு வாயைத் தைக்கிற தையல் போட்டிருக்கான்.”

“வூட்லயே தைச்சிக்கினதுண்ணே.”

பக்கத்து வெற்றிலைக் கடையிலிருந்து தனகோட்டி எட்டிப் பார்த்தார். காலையில் அவர் காதில் விழுவது மத்தியானத்துக்குள் பஸ் நிற்கிற இடம் வரை போய்விடும்.

“தோளைப் பாருய்யா! இவன் பொண்டாட்டியும் மண்டியில மூட்டை தூக்குறாளா?”

ஆதிமூலம் சிரிக்கப் பார்த்தான். வாய் மட்டும் கோணியது.

சிங்காரவேலுவும் சிரித்துக்கொண்டே ரவிக்கையை மேசையில் விரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டு தோளும் ஒரே நீலம்.

அப்படி இருக்கக் கூடாது. முந்தானை இடத்தோளை மூடிக்கொள்ளும். வலத்தோள் வெயிலில் காயும். களத்துக்கும் கிணற்றுக்கும் நடக்கிற எந்தப் பெண்ணின் ரவிக்கையும் ஒரு வருஷத்தில் வலப்பக்கம் வெளுத்துவிடும். பழைய ரவிக்கை எதை விரித்தாலும் இரண்டு தோளும் இரண்டு நிறம்தான்.

இது புதிதும் இல்லை. அக்குளில் வியர்வை உப்பு கோடு கோடாகப் படிந்திருந்தது. பலமுறை உடுத்தியது. ஒருமுறைகூட வெயிலைப் பார்க்காதது.

ரவிக்கையின் தோளைப் பார்த்தார். ஆதிமூலத்தின் தோளைப் பார்த்தார்.

குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “இது ஒருநாள்கூட வெயில்ல வந்ததில்ல.”

ஆதிமூலத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. ஓடத் தயாரானவனைப் போல ஒரு காலைப் பின்னால் வைத்தான். துணியை விட்டுவிட்டு ஓடவும் மனம் வரவில்லை.

மடையன், என்று நினைத்தார் சிங்காரவேலு. அடிமடையன். ஒரு வார்த்தை தனகோட்டி காதில் விழுந்தால் மண்டியே திரண்டு கோட்டை அகழி வரை துரத்தி அடிக்கும். இதைப் பட்டப்பகலில் காகிதத்தில் சுற்றி எடுத்து வருகிறான். ஆசைப்படத் தெரிந்தவனுக்கு ஊசி பிடிக்கவாவது தெரிய வேண்டாமா? சாக்குத் தையல்! இப்படியொரு கேவலத்தை உடம்பில் போட்டுக்கொள்வதற்குச் சும்மா இருக்கலாம்.

“அகலத் தோளுன்னா தோளை அகலமா வெட்டிர்றதாடா, முண்டம்?” கடைத்தெருவுக்கே கேட்டது அவர் குரல். “கழுத்தை ரெண்டு பக்கமும் அகட்டி வெட்டணும். அப்பத்தான் தோள் சின்னதாத் தெரியும். கையை நாலு விரல் நீட்டினா புஜம் அடங்கும். அக்குள்ல தனியா ஒரு துண்டு வெச்சித் தைச்சா, கையைத் தூக்கினாலும் கிழியாது. இதுகூடத் தெரியாம ஊசியத் தொடலாமா?”

“யோவ், நீ எந்தப் பொம்பளைக்கு இப்படித் தைச்சே?” என்றார் தனகோட்டி.

சிங்காரவேலு கத்திரியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

“எங்க அக்காவுக்கு. பெரியப்பா பொண்ணு. தொண்டூர்ல இருக்குது. அதுக்கும் இதே தோளு.”

தனகோட்டிக்கு அதில் சுவாரசியம் இல்லை. வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

ஆதிமூலம் மெல்ல நிமிர்ந்தான். அவனுக்குச் சொந்த ஊரே தொண்டூர்தான். அங்கே அவனுக்குத் தெரியாத வீடு கிடையாது.

சிங்காரவேலு மேசையின் அடி இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்தார். ஊர்ப் பெண்களின் அளவெல்லாம் மேல் இழுப்பறையில் இருந்தன. இது எப்போதும் பூட்டியே இருக்கும். உள்ளிருந்து காகிதத்தில் வெட்டிய ரவிக்கை அளவு ஒன்றை எடுத்து, ஆதிமூலம் கொண்டுவந்த புதுத் துணியின்மேல் விரித்தார். அகட்டிய கழுத்து, நீண்ட கை, அக்குளுக்குத் தனித் துண்டு. மடிப்பெல்லாம் நைந்து, கஞ்சிப் பசையால் ஒட்டுப் போட்டிருந்தது. ஓரமெங்கும் குண்டூசித் துளை.

சாக்பீஸால் கோடு இழுக்க இரண்டு கையையும் அகல வைத்துக் குனிந்தார். காகிதத்தின் ஒரு தோள் முனையிலிருந்து மறுமுனை வரை அவர் தோள்கள் அப்படியே பொருந்தின.

ஆதிமூலம் அதைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“உங்க அக்கா வெயில்ல வருமாண்ணே?”

சிங்காரவேலு நிமிரவில்லை. கோடும் கோணவில்லை.

“அதுவா?” என்றார், அதே இளக்காரத்தோடு. “அதுக்கு உன்னளவுக்குக்கூடத் தைரியம் இல்லடா. கோழை.”