வாசல் வாழைகள்

புறக்கடைத் தொட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், அப்பா துவைகல்லில், அம்மா பின்வாசல் படியில், கொத்தனார் அந்தோணி கவிழ்த்துப் போட்ட சட்டியில். செண்பகா தொட்டி விளிம்பில் காலைத் தொங்கவிட்டிருந்தாள். தன் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று, கோய் என்ற வண்ண மீன் விடுவதற்காக அவளே படம் போட்டுக் கொடுத்துக் கட்டிய தொட்டி. நேற்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

“மண்ணப் போட்டு மூடிரு அந்தோணி. பாக்குறப்பல்லாம் அதானே ஞாபகம் வரும்,” என்றார் பெரியப்பா.

“அந்தோணி அண்ணே, சிமெண்டுக் காரம் போகத் தொட்டித் தண்ணியில வாழைதானே வெட்டிப் போடணும்னீங்க?” என்றாள் செண்பகா.

“ஆமா கண்ணு. ரெண்டு மரமாச்சும் வேணும்.”

அவள் எழுந்துபோய், வாசலில் கட்டியிருந்த வாழைகளில் ஒன்றை அவிழ்த்து இழுத்து வந்தாள். கயிறு உள்ளங்கையை அறுத்தது அவளுக்கு உறைக்கவில்லை.

“கல்யாண வாழைடி அது!”

“அங்க நின்னாலும் வாடத்தானே போகுது பெரியப்பா. அம்மா, குலைய வெட்டிக்கோ. பழுத்தா தின்னலாம்.”

அப்பா எழுந்துபோய் இன்னொரு மரத்தை அவிழ்த்தார்.

போனை எடுத்தால் எல்லாரும் ஒன்றையே விசாரித்தார்கள். அதனால் மீன் பண்ணைக்காரருக்கு அவள் கடிதமாகவே எழுதினாள். ‘ஐயா, விசேஷம் நடக்கவில்லை. இருந்தாலும் சொன்ன மீன்களை அடுத்த மாதம் அனுப்பவும். நெடுங்காலம் உயிரோடிருக்கும் மீன் என்றீர்கள். தீனி போட நான் வீட்டில்தான் இருப்பேன்.’

மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகை உறைகள் மிச்சமிருந்தன. ஒன்றில் வைத்து ஒட்டி, வேலை முடிந்து கிளம்பிய அந்தோணியிடம் தபாலில் போடக் கொடுத்தாள்.