முப்பத்திரண்டாவது ஆள்

எட்டாம் இலக்க பஸ்ஸில் ஓர் ஆள் குறைந்தது.

ஷிராணி இன்னொரு தரம் எண்ணினாள். முப்பத்தொன்று. யார் இல்லை என்று பார்க்கவே தேவையில்லை. அந்த லண்டன்காரர் எஸ்ரன்தான். காலையிலிருந்து உயிரை வாங்குகிற மனுசன், போகிற நேரத்தில் மட்டும் சும்மா விடுவாரா?

மணி ஒன்று ஐம்பது. இரண்டுக்குக் கண்டியை விட்டால்தான் கொழும்புத் துறைமுகத்தில் இந்தச் சுற்றுலாக்காரர்கள் வந்த உல்லாசக் கப்பலைப் பிடிக்கலாம். ஓர் ஆளைத் தவறவிட்ட வழிகாட்டிக்கு அடுத்த கப்பல் கிடையாது என்று கம்பனியில் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். போன வருஷம் புஷ்பத்தை அப்படித்தான் நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு வந்தவள்தான் ஷிராணி. இரண்டு பிள்ளைகளின் படிப்பு இந்தக் கப்பல்களை நம்பி ஓடுகிறது.

எட்டு என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு, யுத்த மயானத்துக்குள் திரும்ப ஓடினாள்.

என்ன சனங்களோ! பேராதனைப் பூங்காவில் எந்த ராஜா எந்த மரத்தை நட்டார் என்று அவள் தொண்டை வறளச் சொன்னாள். இவர்கள் வௌவாலைப் படம் பிடித்தார்கள். மயானத்துக்கு வந்ததும், உலக யுத்தத்தில் செத்துப்போன யாரோ ஊர் பேர் தெரியாத பொடியன்களுக்காக மூக்கைச் சிந்தினார்கள். சிந்தி முடித்த கையோடு கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள்.

எஸ்ரன் இதிலும் ஒரு தனி ரகம். பஸ்ஸில் இருந்த ஒரே தமிழ்ச் சோடி அவரும் மனைவி சுவர்ணாவும்தான். இருவருக்கும் சொந்த ஊர் யாழ்ப்பாணமாம். அவர் கண்டிப் பக்கம் காலே வைத்ததில்லையாம். தாய் தகப்பன் எல்லாரும் சண்டையில் போய்விட்டார்களாம். இத்தனையும் இங்கிலீஷில். ஷிராணி தமிழில் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் வரும்.

கண்டிக்கு வரும் வழியில், கடுகண்ணாவை மலையேற்றத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நடந்த பெண்களைக் கண்டு, இந்தத் தோட்டத்து ஆட்கள் இன்னும் மாறவில்லையா என்று சுவர்ணா கேட்டாள். அதுகளுக்கு அதுதான் தெரியும் என்று எஸ்ரன் சிரித்தார்.

ஷிராணியின் தாயும் கொழுந்து பறித்தவள்தான். ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு, வலது பக்கம் பாருங்கள், இடது பக்கம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பிழைப்பு அப்படி.

கல்லறை வரிசைகளில் அவர் இல்லை. பெயர்ப் புத்தகம் வைத்திருக்கும் இடத்திலும் இல்லை. கீழே, கடைசி வரிசைக்கும் அப்பால், புல் வெட்டும் இயந்திரம் வைக்கிற கொட்டிலுக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். எஸ்ரன் ஒரு கிழவிக்கு முன்னால் குந்தியிருந்தார். நைலக்ஸ் சேலை, ரப்பர் செருப்பு, மடியில் ஒரு துணிப் பை. கிழவி அவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணால பாத்தாச்சுல்லம்மா, பன்வில பஸ்ஸ புடிச்சுப் போயிருங்க. நீங்க செத்துட்டதாத்தான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

எஸ்ரன் வாயிலிருந்து வந்தது அசல் தோட்டத்துத் தமிழ். ஷிராணி அட்டையைக் கீழே இறக்கினாள். யாழ்ப்பாணத்துப் பெரிய மனுசனுக்கு இருந்த மரியாதை அந்த இடத்திலேயே போயிற்று. பன்விலத் தேயிலைத் தோட்டத்துக் கிழவி பெற்ற பிள்ளைதான் இவன். அகதி விசாவுக்கு யாழ்ப்பாணத்தான் ஆனவன், பெண் எடுப்பதற்கும் அப்படியே இருந்துகொண்டான். பெற்றவளைப் பார்ப்பதற்குக் கப்பலில் டிக்கெட் எடுத்து, பூங்கா பார்த்து, அந்நியனுடைய இடுகாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறான். இதையும் ஒரு மனுசன் என்று சொல்வதா?

அப்போதுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சுவர்ணா. புருஷனைத் தேடி அவளும் இறங்கி வந்திருந்தாள்.

எஸ்ரன் துள்ளி எழுந்தான். சுவர்ணா அவனைப் பார்த்தாள், கிழவியைப் பார்த்தாள். ஆர் இந்த மனுசி என்று ஷிராணியைக் கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பேச்சு வளரும், அழுகை வரும், பஸ் பிந்தும். மணி ஒன்று ஐம்பத்தாறு. ஷிராணி மனதுக்குள் தன்னையும் காறித் துப்பிக்கொண்டு, மணியாகிறது என்று மட்டும் சொன்னாள்.

கிழவிதான் முதலில் அசைந்தாள். மகனை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலை ஊன்றி எழுந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, மருமகளுக்கு முன்னால் வந்து கையை ஏந்தினாள்.

“காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல நோனா. ஏதாச்சும் குடுங்க.”

சுவர்ணா கைப்பைக்குள் துழாவி, கப்பலில் காலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்த பணிஸ் ஒன்றை எடுத்தாள். கைபடாமல் மேலிருந்து போட்டாள். கிழவி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது பஸ் புறப்பட்டது. ஷிராணி எண்ணிப் பார்த்தாள். முப்பத்திரண்டு பேரும் இருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் சுவர்ணா சனிடைசர் போத்தலைத் திறந்து தன் கைகளில் விட்டுத் தேய்த்துக்கொண்டாள். பிறகு புருஷனிடம் நீட்டினாள்.

அவனும் வாங்கி, முகத்திலும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டான்.