டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள்

அந்தக் காட்டுல சக்கரை வியாதி வந்த மொத ஆளு கரடியண்ணன்தான். கால் விரல்ல ஒரு புண்ணு வேற, ஆறவே மாட்டேங்குது.

"மாத்திரைய காலையிலயும் ராத்திரியும் விடாம போடணும். அடுத்த தடவை ரத்த டெஸ்ட்டுக்கு வரும்போதும் புண்ணு ஆறலேன்னா விரல எடுக்க வேண்டியதுதான்"னு கொக்கு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. விரல் போனா எப்படி நடக்குறதுன்னு கேக்கலாம்னு பாத்தாரு கரடியண்ணன். ஒத்தக் கால்ல நிக்கிறவங்ககிட்ட அத எப்படிக் கேக்குறது?

வீட்டுக்கு வந்தவரு மாத்திரைய பொந்துல பத்திரமா வச்சுட்டு, தேனடையத் தேடிப் போயிட்டாரு. டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் இருக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. தேன நிறுத்தி, மாத்திரைய வேளை தவறாம முழுங்கிட்டு, நல்ல புள்ளையா போய் நின்னாரு.

டாக்டரம்மா ஒரு சொட்டு ரத்தத்த அலகுல தொட்டுப் பாத்தாங்க. "சக்கரை அருமையா இருக்கே! அப்புறம் புண்ணு ஏன் பெருசாயிருக்கு?"

"அதான் எனக்கும் புரியல. ஒருவேளை நீங்க குடுத்த மாத்திரை சரியில்லையோ என்னவோ"ன்னு கரடியண்ணன் வருத்தமா சொன்னாரு.

அப்போ வாசல்ல எறும்புங்க வரிசையா வந்து நின்னுச்சுங்க.

"அண்ணே, நீங்க ஒண்ணுக்குப் போற எடத்துலதான் தெனமும் எங்களுக்குச் சாப்பாடு. ரெண்டு நாளா தித்திப்பே இல்ல, புள்ளைங்க பட்டினி"ன்னுச்சு முன்னாடி நின்ன எறும்பு. "அதான் டெஸ்ட்டு முடிஞ்சிருச்சுல்ல, மாத்திரைய எப்ப நிறுத்துவீங்க?"

டாக்டரம்மா தூக்கி வச்சிருந்த காலையும் கீழ ஊனிக்கிட்டு, கரடியண்ணனோட விரலையே பாத்தாங்க.