ஒன்பதாம் வகுப்பு அடங்கிய நாள்

"இன்னைக்கு எவனாவது சிரிச்சான், மறுபடி சிரிக்க அவனுக்குப் பல்லு இருக்காது. புரியுதா?"

மேஜை மேல் ஏறி நின்று ஃபென்யா சொன்னதும், ஒன்பதாம் வகுப்பின் இருபத்தாறு தலைகளும் ஆடின. ஜெர்மனியின் லேர் நகரத்து ஆசிரியர்கள் அந்த வகுப்பு என்றாலே ஓட்டம் பிடிப்பார்கள். இரண்டு வருடத்தில் மூன்று வகுப்பாசிரியர்களை விரட்டிய கூட்டம். கடைசியாகப் போனவர் மருத்துவ விடுப்பிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

நாலாவதாக வந்த ஓல்ட்மன்ஸ் டீச்சர் மட்டும் அசையவில்லை. கத்த மாட்டார், திட்ட மாட்டார். எவராவது வாலாட்டினால், சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு, வீட்டில் எல்லோரும் ரொட்டியும் சீஸுமாகச் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவார்.

ஃபென்யா வீட்டுக்கு இதுவரை நாலு போன். "இன்னும் ஒண்ணு வந்துச்சு, உன் ஹேண்ட்பாலுக்கு முழுக்குப் போட்டுடு" என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். மே மாதம் மாவட்ட அணித் தேர்வு. ஒன்று அந்த டீச்சர் போக வேண்டும், இல்லை ஃபென்யாவின் ஹேண்ட்பால் போக வேண்டும்.

இந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் கண்ணில் பட்டது. துண்டு சாக்பீஸைக்கூட எண்ணிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிற டீச்சர், அதை மேஜை மேல் மறந்துவிட்டுப் போயிருந்தார். ப்ரேமன் நகரத்தில் ஏதோ ஒரு பள்ளியிலிருந்து வந்திருந்தது. 'வெள்ளிக்கிழமை மூன்றாவது பாடவேளையில் எங்கள் ஆள் வந்து உங்கள் வகுப்பைப் பார்ப்பார். பிடித்திருந்தால், கோடை விடுமுறைக்குப் பின் உங்களுக்கு எங்கள் பள்ளியில் வேலை.'

"அன்னைக்கு ஆடுற ஆட்டத்துல அந்தம்மா மானம் கப்பலேறணும்!" என்று குதித்தான் ட்யார்க். சேவல் மாதிரி கூவுவதில் பள்ளியிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"மக்கு! மானம் போனா வேலை குடுப்பாங்களா? அப்புறம் இங்கேயேதான் நம்ம உயிரை வாங்கும். நாம தங்கமா இருந்தாத்தான்டா சனியன் தொலையும்" என்றாள் ஃபென்யா.

அன்றிலிருந்து மூன்று நாள் ஒரே மும்முரம். வருடம் முழுக்க நோட்டில் கால்பந்துக் கிளப்புகளின் சின்னங்களை மட்டும் வரைந்துகொண்டிருந்த என்னோவைக்கூடப் பிடித்து உட்கார வைத்துச் சதவீதக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பாடவேளைக்கு மணி அடித்தது. ஃபென்யா மேஜையிலிருந்து குதித்து இடத்தில் உட்கார்ந்தாள். டீச்சருக்குப் பின்னால் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே வந்தார்.

"இவர் திரு. சீபெல்ஸ். இன்னைக்கு நம்மகூட உட்காருவார்." டீச்சர் அவ்வளவுதான் சொன்னார். சீபெல்ஸ் கடைசி வரிசைக்குப் போய் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

ஃபென்யாவையும் சேர்த்து இருபத்தேழு பேரும் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். கேட்பதற்கு முன்பே செல்போன்கள் எல்லாம் பெட்டிக்குள் கிடந்தன.

"ஒரு செவ்வகத்தோட நீளத்தை இருபது சதவீதம் கூட்டி, அகலத்தை இருபது சதவீதம் குறைச்சா, பரப்பு அப்படியே இருக்குமா?" டீச்சர் கேட்டார்.

பதினைந்து கைகள் உயர்ந்தன. "இருக்காது டீச்சர், நாலு சதவீதம் குறையும்" என்றான் என்னோ. ஏன் என்று கேட்டதும் கரும்பலகைக்குப் போய்ப் படம் போட்டே விளக்கினான். பின்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கிச் சந்தேகம் கேட்டாள். இன்னொருத்தன் மறுத்துப் பேசினான். வாதம் சூடு பிடித்ததில் ஃபென்யாவே ஒரு நிமிடம் இது நடிப்பு என்பதை மறந்துபோனாள்.

திடீரென்று ஜன்னல் விளிம்பில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. ட்யார்க்கின் நெஞ்சு விம்மியது. ஃபென்யா அவன் பாதத்தை ஓங்கி மிதித்தாள். கூவல் இருமலாக மாறி வெளியே வந்தது.

மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வகுப்பைப் பார்த்துத் திரும்பினார் சீபெல்ஸ்.

"பதினெட்டு வருஷமா வகுப்பு வகுப்பாப் போய் உட்கார்றேன் பசங்களா. இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்ல."

"முடிஞ்சுது, மூட்டையைக் கட்டுது" என்று ட்யார்க்கின் காதில் கிசுகிசுத்தாள் ஃபென்யா.

"உங்களைப் பத்தி என்னென்னவோ சொன்னாங்க. இங்கே வந்து பார்த்தாத்தானே தெரியுது! இதுக்கு மேல நாங்க யோசிக்க என்ன இருக்கு? உங்க டீச்சரோட தகுதிகாண் காலம் இன்னையோட முடியுது. கல்வித்துறை சார்பா நான் கையெழுத்துப் போடறேன். இதே பள்ளியில வேலை நிரந்தரம். இனி ஓய்வு பெறுற வரைக்கும் இவங்களை இங்கேயிருந்து யாராலயும் அசைக்க முடியாது!"

கைதட்டலை எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு கையும் அசையவில்லை. ரொம்பவும் அடக்கமான பிள்ளைகள் என்று மெச்சிக்கொண்டே வெளியேறினார்.

கதவு சாத்திக்கொண்டது. ஃபென்யா எழுந்து டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர்... அப்ப அந்த ப்ரேமன் வேலை?"

ஓல்ட்மன்ஸ் டீச்சர் செல்போன் பெட்டியை அவளிடம் நீட்டினார். முதல் தடவையாக அவர் சிரிப்பதை அந்த வகுப்பு பார்த்தது.

"நான் எங்கேயும் விண்ணப்பமே போடலையே, ஃபென்யா!"