துரைக்கு வறுத்த வஞ்சிரம்

கோதண்டத்தின் முதுகில் முதல் அடி துடுப்பால் விழுந்தது. இரண்டாவது எதனால் என்று பார்ப்பதற்குள் மணலில் குப்புறக் கிடந்தான்.

புரட்டிப் போட்டு மார்பில் ஒருவன் காலை வைத்தான். வாயில் மணலும் ரத்தமும் கரித்தன. அட கஷ்டகாலமே, என்ன பாவம் செய்தேன் என்று கேட்கக்கூட மூச்சு வரவில்லை.

படகின் நிழலில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்த துரையும் துரைசாணியும் ஓடிப்போய் அவனுடைய லேண்ட்மாஸ்டர் டாக்ஸிக்குள் புகுந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். நல்ல வேளை, அவர்களை யாரும் தொடவில்லை. தர்ம அடி மொத்தமும் கோதண்டத்துக்குத்தான்.

கப்பல் நிற்கிற அரை நாளில் ஹார்பர் வாசலில் வெள்ளைக்காரர்களைப் பிடித்து ஊர் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. 'டவுன், வில்லேஜ், ஃபுட்' என்று மூன்றே வார்த்தை இங்கிலீஷ். பத்து வருஷமாக அந்த மூன்று வார்த்தையில்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது.

ராயபுரம் மாதா கோயில், திருவொற்றியூர் கோபுரம், வழியில் சுண்டல், பர்மாவிலிருந்து வந்தவர்கள் போட்ட கடையில் அத்தோ என்கிற நூடுல்ஸ். கடைசியாக எர்ணாவூர் தாண்டி இந்தக் குப்பம். காசிமேட்டில் வாங்கிய மீனைக் குப்பத்தின் முதல் குடிசையில் கொடுத்தால் வியாகுலம்மாள் வறுத்துத் தருவாள். மசாலா அரைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இன்று வந்தபோது குப்பத்தில் ஈ காக்கை இல்லை. அது நல்லதுக்கில்லை என்று இந்தப் பாழாய்ப்போன மண்டைக்கு உறைக்கவில்லையே!

"கஸ்பாரைத் துன்ன மீனை எங்க மண்ணுக்கே இட்டாந்து துன்றீங்களாடா, கஸ்மாலம்!"

மார்பில் கால் வைத்திருந்த லூயிஸ்தான் கத்தினான். கஸ்பாரின் தம்பி. கஸ்பார் வியாகுலம்மாளின் புருஷன்.

அடிக்கு நடுவே விழுந்த வசவுகளிலிருந்துதான் கோதண்டத்துக்கு விஷயமே விளங்கியது. கஸ்பாரைக் காணாமல் மூன்று நாளாகிறது. கட்டுமரம் மட்டும் ஆளில்லாமல் அலையில் மிதந்து வந்திருக்கிறது. ஊரே உடம்பைத் தேடிக் கரை நெடுக அலைந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறது.

கடலில் போனவனின் உடம்பு கரை ஒதுங்கும்வரை இந்தக் குப்பத்தில் மீனைத் தொட மாட்டார்கள். எந்த மீனின் வயிற்றில் அவன் இருக்கிறானோ, யார் கண்டது? பெற்ற பிள்ளை பசியில் அழுதாலும் கஞ்சிதான்.

கொருக்குப்பேட்டையில் ரயில் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தச் சட்டமெல்லாம் எங்கே தெரியும்?

"எவ வறுத்துக் குடுத்தா? சொல்லு!"

கோதண்டம் வாயைத் திறக்கவில்லை. மீனை வாங்கும்போதே வியாகுலம்மாள் சத்தியம் கேட்டிருந்தாள். தான் வறுத்ததாக யாரிடமும் சொல்லக்கூடாது, பிள்ளைகள் மேல் ஆணை. அவள் கன்னம் ஒரு பக்கம் வீங்கிப் பழுத்திருந்தது. கஸ்பாரின் கை எவ்வளவு கனம் என்று அந்த வழியாகப் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பாவம், புருஷனுக்குப் பயந்து கேட்கிறாள் என்று நினைத்து அவனும் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டான்.

சுண்டுவிரல் மளுக்கென்று முறிந்தது. கோதண்டம் அலறினான். பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த விரலும் போயிற்று. ஸ்டியரிங் பிடிக்கிற கை ஐயா அது! அப்போதும் சொல்லவில்லை.

லூயிஸ் குனிந்து படகடியில் கிடந்த நங்கூரக் கல்லை இரண்டு கையாலும் தூக்கினான். கோதண்டத்தின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். கல்லிலிருந்து ஈர மணல் அவன் கண்ணில் உதிர்ந்தது.

உயிர் வெல்லக்கட்டி. பிள்ளைகளுக்கு அப்பன் வேண்டாமா?

"வியாகுலம்தான் வறுத்துச்சு! அதுவும்தான் குந்திகினு துன்னுச்சு, என் கண்ணால பாத்தேன்!"

பார்த்தது நிஜம். துரைசாணி இன்னொரு துண்டு கேட்டாள் என்று உள்ளே போனபோது, அடுப்பின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் மீன் தலையைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஒரு முள்ளை விடவில்லை. இன்றுதான் முதல் தடவையாக அவள் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்தான். மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

முதலில் ஒருவரும் நம்பவில்லை. அடிப்பாவி என்று ஒரு குரல் எழுந்து பாதியில் நின்றது. எல்லோரும் முதல் குடிசையைப் பார்த்தார்கள். வாசலில் வியாகுலம்மாள் முக்காடு போட்டு நின்றிருந்தாள்.

கூட்டத்திலிருந்து கஸ்பாரின் தாய் சிலுவையம்மாள் நடந்து போனாள். மூன்று நாளாகப் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை, நடையில் தள்ளாட்டம். மருமகளின் வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

பிடித்த கையை அவள் விடவில்லை. அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"என் புள்ள கடலுல இல்லேன்னு உனுக்கு எப்டிடீ தெரியும்?"

வியாகுலம்மாள் கடல் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண் ஒரே ஒரு தரம் குடிசைக்குள், புதுசாகச் சாணி மெழுகி இன்னும் காயாத தரைக்குப் போய்த் திரும்பியது.

லூயிஸ் கோதண்டத்தின் மார்பிலிருந்து காலை எடுத்தான். கல்லைக் கீழே போடவில்லை.